புழுக்கத்தில் ஒரு நெடும்பயணம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஒரே சைக்கிள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே பயணத்தைப் பற்றித் தனித்தனியாக எழுதியவை. முப்பத்தாறு பேர் 130 கிலோமீட்டர் போகத் திட்டமிட்டு, காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்த, மேகமே இல்லாத நாள். 94-ஆவது கிலோமீட்டரில் ஓர் உறுப்பினர் பேச்சுக் குழறி, சைக்கிளிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போது நலமாக இருக்கும் அவரும் எனக்கு எழுதியிருக்கிறார். ஒருவருடைய கேள்விக்கான விடை இன்னொருவருடைய கடிதத்தில் கிடப்பதால், எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: புறப்படும்போது 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று கைபேசி காட்டியது. பத்தரை மணிக்கு 34 டிகிரி. ஈரப்பதமோ 57 சதவீதமாக இறங்கியிருந்தது. காற்று உலர்ந்துவிட்டது என்று எண்ணி வேகத்தைக் குறைக்காமல் விட்டேன். என் கணக்கு எங்கே தவறியது? (பயணத்தை முன்னின்று நடத்தியவர்)

பதில்: காற்று உலரவே இல்லை. கைபேசி காட்டும் சதவீதம், அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இப்போது நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வெப்பம் ஏற ஏறக் காற்றின் கொள்ளளவு பெருகுவதால், உள்ளே இருக்கும் நீராவி அப்படியே இருந்தாலும் சதவீதம் இறங்கிவிடும். செம்புத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் குறைந்தது போலத் தெரிவதைப் போன்றதுதான் இது. நீங்கள் தந்த இரண்டு அளவுகளையும் கணக்கிட்டுப் பார்த்தால், இரு வேளையிலும் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 30 ஹெக்டோபாஸ்கல். பனிப்புள்ளி, அதாவது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்குமோ அது, 24 டிகிரி. ஐந்தரை மணிக்கு இருந்த அதே ஈரம்தான் பத்தரை மணிக்கும் இருந்தது.

இடையில் மாறியது வேறு. வெயிலில் உழைக்கிறவரின் தோல் ஏறக்குறைய 35 டிகிரியில் இருக்கும். காலையில் காற்று அதைவிட ஒன்பது டிகிரி குளிர்ச்சியாக இருந்ததால், சைக்கிள் ஓடும் வேகத்தில் மேலே படும் காற்றே உடம்பின் சூட்டில் ஒரு பகுதியை வியர்வையின் உதவியில்லாமல் வாங்கிக்கொண்டு போயிற்று. பத்தரை மணிக்கு அந்த வேறுபாடு ஒரே ஒரு டிகிரி. அந்த வழி அடைபட்டுவிட்டது, போதாக்குறைக்குத் தலைக்கு மேல் வெயில். முழுப் பாரமும் வியர்வையின் மேல் விழுந்த நேரத்தில், வியர்வை ஆவியாவதற்கான வசதி காலையில் இருந்த அளவுக்கு மேல் ஒரு துளியும் கூடவில்லை. இதே 34 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்திருந்தால், தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான நீராவி அழுத்த வேறுபாடு 26 ஹெக்டோபாஸ்கலாக இல்லாமல் 45-க்கு மேல் இருந்திருக்கும். வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்திருக்கும்.

இனிமேல் ஈரப்பதச் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், பனிப்புள்ளியைப் பாருங்கள். வானிலைச் செயலிகள் பலவற்றில் அது கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். பனிப்புள்ளி 18 டிகிரிக்குக் கீழே என்றால் நான் ஒன்றும் யோசிப்பதில்லை. 21-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பேன். 24 என்றால் தூரத்தையும் குறைத்துவிடுவேன். இது என் அனுபவத்தில் வகுத்துக்கொண்ட அளவே தவிர, சட்டமன்று.

கேள்வி: 94 கிலோமீட்டருக்குள் 750 மில்லி பாட்டிலில் ஐந்து பாட்டில் தண்ணீர் குடித்திருந்தேன். வியர்வையும் ஊற்றாக ஊற்றியது. தண்ணீரும் உள்ளே போய், வியர்வையும் வெளியே வந்துகொண்டிருக்க, உடம்பு எப்படி அவ்வளவு சூடாகும்? என் கைக்கடிகாரப் பதிவை இணைத்திருக்கிறேன். (மயங்கியவர்)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதிலேயே ஒரு வரி இருக்கிறது: “முன்சக்கரத்துக்கு மேலே உள்ள குழாயில் வியர்வை சொட்டிச் சொட்டி, அது வழிந்து பெடல் அச்சு வரை ஈரமாகியிருந்தது.” அந்தக் குழாயில் சொட்டிய வியர்வை உங்களைக் குளிர்விக்கவில்லை. வியர்வை தோலின் மேலேயே ஆவியானால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். சொட்டிப்போன லிட்டரால் வெளியேறுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சைக்கிள் மிதிக்கும்போது நாம் உண்ட உணவின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. உங்கள் பதிவில் பெடலுக்குப் போன ஆற்றல் சராசரி 180 வாட் என்று இருக்கிறது. அப்படியென்றால் உடம்புக்குள் சுமார் 640 வாட் வெப்பம் இடைவிடாமல் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போனதற்குச் சமம். வியர்வை ஒன்றை மட்டும் நம்பி அதை வெளியேற்ற மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆவியாக வேண்டும். சுரந்தால் போதாது, ஆவியாக வேண்டும். அன்றைய காற்று அந்த அளவை ஏற்கவில்லை. ஏற்காத மிச்சம் மணிக்கு மணி உடம்பிலேயே சேர்ந்தது.

ஆகவே தண்ணீரைக் கூட்டியதால் உங்களுக்குப் பெரிய பயன் கிடைத்திருக்காது. மிதியைக் குறைத்திருந்தால் கிடைத்திருக்கும். 180 வாட்டை 130 ஆக்கியிருந்தால், உள்ளே உண்டாகும் வெப்பம் 460 வாட் அளவுக்கு இறங்கியிருக்கும். சமதரையில் அதனால் இழக்கும் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஏனென்றால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. புழுக்க நாளில் இதைவிட இலாபமான பேரம் எதுவும் இல்லை.

உங்கள் கைக்கடிகாரமும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. 50-ஆவது கிலோமீட்டரில் நாடித்துடிப்பு 142. அதே வேகத்தில், அதே சமதரையில், 90-ஆவது கிலோமீட்டரில் 168. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப வேண்டியிருக்க, வியர்வையால் இரத்தத்தின் அளவும் சுருங்கியதால், ஒவ்வொரு துடிப்புக்கும் குறைவாகவே அனுப்ப முடிந்த இதயம் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளித்திருக்கிறது. வேகம் மாறாமல் துடிப்பு மட்டும் பதினைந்து கூடினாலே நின்றுவிட வேண்டும். 88-ஆவது கிலோமீட்டரில் “வெயிலிலும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது” என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிலிர்ப்பு குளிர்ச்சியின் அடையாளம் இல்லை. அடுத்த முறை அது வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: குழுவின் நடுவில் போனால் களைப்புக் குறையும் என்று என்னை நடுவிலேயே வைத்தார்கள். களைப்பு இல்லை, ஆனால் அடுப்பங்கரையில் நின்றது போல இருந்தது. முன்னால் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ? (குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்)

பதில்: இரண்டுமே உண்மை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் நம்மீது மோதும் காற்றின் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மிதிக்க வேண்டிய ஆற்றல் குறைவதால் உடம்பில் உண்டாகும் வெப்பமும் குறைகிறது. ஆனால் தடையாக இருந்த அதே காற்றுதான் வியர்வையை உலர்த்திக்கொண்டும் இருந்தது. சமதரையில் இரண்டையும் தராசில் வைத்தால் சேமிப்பின் தட்டே பெரும்பாலும் தாழும், நீங்கள் அதைச் சேமிப்பாகவே வைத்திருக்கும் வரையில். நடுவில் இருப்பவர்களில் பலர் அந்தச் சேமிப்பைக் கொண்டு, தனியாகப் போனால் ஒருபோதும் எட்டாத வேகத்தில் குழுவோடு ஒட்டிக்கொண்டு போகிறார்கள். அப்போது வெப்ப உற்பத்தி கொஞ்சமும் குறைவதில்லை, காற்று மட்டும் இல்லாமல் போகிறது. உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும்.

புழுக்க நாளில் முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் இடையே வழக்கமான இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விடுங்கள். கண்ணில் வியர்வை இறங்குகிற நாளில் பிரேக் பிடிக்கும் கை எப்படியும் தாமதிக்கும் என்பதால், இந்த இடைவெளி இன்னொரு வகையிலும் உதவும். ஏற்றங்களில் குழுவோடு ஒட்ட முயலவே வேண்டாம். மணிக்கு பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் காற்றே படாது, உழைப்போ உச்சத்தில் இருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் ஏறி, மேலே நிழலில் சேர்ந்துகொள்வதுதான் நல்ல வழக்கம். உச்சியில் நின்றவுடன் வியர்வை திடீரென்று கொட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். ஓடும்போது இருந்த காற்று நின்றுவிட்டது, தேங்கிய சூடு இன்னும் தீரவில்லை என்பதே அதன் பொருள். ஹெல்மெட்டைக் கழற்றி, சட்டையின் ஜிப்பைத் திறந்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள்.

கேள்வி: நான் 52 கிலோ எடையுள்ள பெண். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பாட்டிலைக் காலி செய்தே ஆக வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. நானும் செய்தேன். வீட்டுக்கு வந்தபோது மோதிரம் கழலவில்லை, தலைவலி, குமட்டல். எடை பார்த்தால் 900 கிராம் கூடியிருந்தது. நீரிழப்பு என்று சொல்லி இன்னும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சரியா? (மெதுவாகச் செல்லும் குழுவில் இருந்தவர்)

பதில்: சரியில்லை, நல்லவேளை, குமட்டல் உங்களைக் குடிக்கவிடாமல் தடுத்துக் காப்பாற்றியிருக்கிறது. ஐந்தாறு மணி நேரம் வியர்த்த பிறகும் எடை கூடியிருந்தால், வெளியே போனதைவிட அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளே கிடையாது. மிகுதியான தண்ணீர் இரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. அது லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் நிலையை ஹைப்போநேட்ரீமியா என்கிறார்கள். விரல் வீக்கம், தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம், வலிப்பு என்று அது முற்றும், உயிரையும் பறித்திருக்கிறது. அரிய நோய் என்று எண்ண வேண்டாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு இந்த நிலை இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், உடல் மிக மெலிந்தவர்கள் அல்லது மிகப் பருத்தவர்கள் ஆகியோரிடையே அது மிகுந்திருந்தது. சிறிய உடலும் மெதுவான வேகமும் உள்ளவருக்கு வியர்வை குறைவு; எண்பது கிலோ ஆளுக்கு வகுத்த விதியை ஐம்பத்திரண்டு கிலோ ஆளின் மேல் சுமத்தினால் இப்படித்தான் ஆகும். அந்த விதியைச் சங்கம் இன்றே கைவிட வேண்டும்.

அவரவர் தேவையை அவரவரே அளந்துகொள்வது எளிது. புறப்படுமுன் கழிப்பறைக்குப் போய்வந்து, துணியில்லாமல் எடை பாருங்கள். திரும்பி வந்ததும் உடம்பைத் துவட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். குறைந்த எடையோடு வழியில் குடித்த அளவைக் கூட்டி, கழித்த சிறுநீரைத் தோராயமாகத் தள்ளி, மணிக்கணக்கால் வகுத்தால் உங்கள் வியர்வையின் அளவு கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, மூன்று மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்து, இரண்டு லிட்டர் குடித்திருந்தால், மணிக்கு ஒரு லிட்டர். பெரும்பாலோருக்கு இது அரை லிட்டருக்கும் இரண்டு லிட்டருக்கும் இடையே எங்காவது இருக்கும். இழந்த அத்தனையையும் வழியிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை. எடையில் இரண்டு சதவீதம் வரை குறைந்து வீடு திரும்புவதில் தவறில்லை. தாகம் எடுக்கும்போது குடிப்பது, சொன்னால் சிலர் நம்ப மறுத்தாலும், உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வழிகாட்டி.

உப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் 20 முதல் 80 மில்லிமோல் வரை ஆளுக்கு ஆள் வேறுபடும். கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகளாக உப்புப் பூக்கிறவர்கள் மேல் எல்லையில் இருப்பவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டுச் சூத்திரப்படியான ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. ஆனால் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. வயிற்றுப்போக்குக்காக வகுக்கப்பட்ட கரைசல் அது. நீண்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படுவதால், ஓ.ஆர்.எஸ்.ஸை நம்பி உணவை விட்டுவிடக் கூடாது. சத்துக் கூடட்டும் என்று ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டரில் கரைக்கவும் கூடாது. மற்றபடி, எந்த உப்பும் அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீரை முறித்துவிடாது.

கேள்வி: கடைசி ஆளாக வந்த நான்தான் அவரை முதலில் பார்த்தேன். நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, கால்களை உயர்த்திப் பிடித்தோம். வாகனம் வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. வேறு ஏதாவது செய்திருக்க வேண்டுமா?

பதில்: நிழலில் படுக்கவைத்தது சரி. நினைவு தடுமாறியவருக்குக் குடிக்கக் கொடுத்தது தவறு, மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். அந்த முப்பத்தைந்து நிமிடமும் அவர் உடம்பைக் குளிர்விக்காமல் காத்திருந்ததுதான் பெரிய தவறு. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பெரும்பாலான சங்கங்களில் இதையேதான் செய்வார்கள்.

வெயிலில் உழைத்துக் களைத்துச் சரிகிறவர்கள் இரு வகை. தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி இருந்தாலும், கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் முதல் வகை. அவரை நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, குளிர்ந்த நீர் கொடுத்தால் அரை மணி நேரத்துக்குள் தேறிவிடுவார். பேச்சுக் குழறுதல், பொருந்தாத பதில், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், மயக்கம் என்று மூளை தடுமாறினால் அது இரண்டாம் வகை: ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். தோல் உலர்ந்திருக்கும் என்று பழைய பாடப்புத்தகங்களில் படித்ததை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்வையில் தொப்பலாக நனைந்திருப்பதே வழக்கம். அக்குளிலோ நெற்றியிலோ வைத்துப் பார்க்கும் வெப்பமானி இந்த நிலையில் குறைத்துக் காட்டும்; அதை நம்பிக் காத்திருக்கவும் கூடாது.

இந்த நிலைக்கு மருத்துவர்கள் வகுத்திருக்கும் வரிசை, முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது என்பதே. ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் ஹெல்மெட், காலணி, மேல்சட்டை ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தொட்டி இருந்தால் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, தலை மூழ்காமல் அக்குளுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற வேகத்தில் சூடு இறங்கும். தொட்டி இல்லாவிட்டால் ஒரு தார்ப்பாயை ஆறு பேர் ஓரங்களில் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, தண்ணீரையும் ஐஸையும் கொட்டி அசைத்தால் அதுவே தொட்டியாகிவிடும். அதுவும் இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டுகளைத் தலை, மார்பு, கை, கால் என்று எங்கும் போர்த்தி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, இடைவிடாமல் விசிற வேண்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மட்டும் ஐஸ் கட்டிகளை வைப்பது போதாது. விழுந்த அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பம் 40-க்குக் கீழே வந்துவிட்டால் பிழைப்பது மட்டுமின்றி, முழுமையாகத் தேறுவதற்கான வாய்ப்பும் மிக அதிகம். பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். காய்ச்சலில் மூளையே வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது. அந்த மாத்திரை அதைத்தான் இறக்கும். இங்கே மூளை உயர்த்தவில்லை, வெளியேற வழியின்றித் தேங்கிய சூடு இது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், உதவி வண்டியில் பானங்களைக் குளிர வைப்பதற்காக இரண்டு பெட்டி நிறைய ஐஸ் இருந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் மேலே படிக்க முடியவில்லை. அடுத்த பயணத்தில் அந்தப் பெட்டிகளோடு ஒரு தார்ப்பாயும் பத்துத் துண்டுகளும் இருக்கட்டும். எதற்காக என்பதை எல்லோரும் ஒருமுறை செய்து பார்த்திருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 58 வயது. இரத்த அழுத்தத்துக்கும், அடிக்கடி வரும் தும்மலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்காகப் புறப்படுமுன் ஒரு வலி நிவாரணியும் போட்டுக்கொள்வதுண்டு. வெயில் பயணத்துக்குத் தடையா?

பதில்: மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கும் வகை உடம்பின் நீரையும் உப்பையும் முன்கூட்டியே குறைத்துவிடும். இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகையோ, துடிப்பு எண்ணிக்கையை ஏறவிடாமல் செய்வதால், மேலே ஒருவருக்குக் கடிகாரம் தந்த எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. தும்மலுக்குத் தரப்படும் பழைய வகை மாத்திரைகள் வியர்வையையே குறைக்கக்கூடியவை. இவற்றை உங்கள் மருத்துவரிடம் காட்டி, வெயிலில் பல மணி நேரம் மிதிக்கப் போவதையும் சொல்லி, மாற்று உண்டா என்று கேளுங்கள்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி நிவாரணியைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: இபுபுரூஃபன் போன்றவை, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியவை என்பதால், அன்று வேண்டவே வேண்டாம். முழங்கால் வலித்தால் இருக்கையின் உயரத்தைச் சரிபார்த்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு.

களைப்பை மறைக்கும் ஊக்கப் பொருள்கள் அதைவிடக் கொடியவை. 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் போட்டியில், கடும் வெயிலில் மோன் வாந்து மலையேற்றத்தின்போது விழுந்து இறந்த பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் சிம்சனின் உடலில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தன. நின்றுவிடு என்று உடம்பு சொல்வதைக் கேட்கவிடாமல் செய்கிற பொருளை வெயிலில் யாரும் தொடக் கூடாது.

கேள்வி: வெயிலில் டயர் வெடிக்கும் என்று காலையிலேயே காற்றைக் குறைத்துவிடுகிறோம். தேவையா? (கல்லூரி மாணவர்)

பதில்: தேவையில்லை. 25 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 45 டிகிரிக்குச் சூடானாலும் 86 அல்லது 87-க்குத்தான் ஏறும். நல்ல டயர் அதைத் தாங்கும். காற்றுக் குறைந்த டயர்தான் குழியின் விளிம்பில் மோதி டியூபைக் கடித்துப் பஞ்சராக்கும்.

கேள்வி: அந்தப் பயணத்துக்குப் பிறகு ஹேண்டில்பார் நாடாவைப் பிரித்தபோது உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அலுமினியம் துருப்பிடிக்காதே? (சங்க உறுப்பினர்)

பதில்: இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, வியர்வையின் உப்பு பட்டால் இப்படி வெள்ளையாக அரிக்கப்படும். பொடியைச் சுரண்டிவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் அந்த ஹேண்டில்பாரை மாற்றிவிடுங்கள், ஓடும்போது முறிந்தால் பற்களோடு போகும். ஒவ்வொரு புழுக்கப் பயணத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் ஹேண்டில்பாரையும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், மேல்குழாயையும் துடைப்பது இரண்டு நிமிட வேலை.

கேள்வி: அடுத்த மாதம் மீண்டும் ஒரு நெடும்பயணம் இருக்கிறது. இரத்துசெய்யலாமா, நடத்தலாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். நடத்தினால் என்னென்ன மாற்ற வேண்டும்? (சங்கச் செயலாளர்)

பதில்: நடத்துங்கள். ஆனால் உங்கள் அறிவிப்பில் இருந்த “சராசரி வேகம் 28” என்ற வரியை எடுத்துவிடுங்கள். முப்பத்தாறு பேரையும் விழவைக்கக் காத்திருந்தது அந்த ஒரு வரி, ஒருவர் விழுந்தார். நெடுந்தூரப் பயணத்துக்கு வேகம் அழகு என்பது நாமாகக் கற்பித்துக்கொண்டதுதான். 200 கிலோமீட்டர் பிரவே பயணத்துக்கு (போட்டியில்லாமல், குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்ற நெடும்பயணம்) உலகெங்கும் தரப்படும் கால அளவு 13 மணி 30 நிமிடம். சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. புழுக்க நாளில் குழுவின் வேகத்தை, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பேச முடியாதவர் யாரோ, அவருடைய வேகமே அந்தக் குழுவின் வேகம்.

தடத்தைப் பொறுத்தவரை, 65 கிலோமீட்டர் நேராகப் போய்த் திரும்புவதைவிட, 40 கிலோமீட்டர் வட்டத்தை மூன்று முறை சுற்றுவது மேல். நேர்வழியில் மிகத் தொலைவான இடத்தில் இருக்கும்போதுதான் வெயிலும் உச்சத்துக்கு வரும். முடியாதவர் முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வருவார். வட்டத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மானம் போகாமல் விலகிக்கொள்ளலாம். கடைசி ஆளாக வருகிறவருக்கு, யாரையும் நிறுத்தி வண்டியில் ஏற்றும் அதிகாரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வெப்பம் தலைக்கேறியவருக்குத் தன் நிலை தெரியாது; தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சாதிப்பதையே ஓர் அறிகுறியாகக் கொள்ளலாம்.

உறுப்பினர்களை இன்றிலிருந்தே பழக்குங்கள். வெயிலில் நாள்தோறும் 60 முதல் 90 நிமிடம் மிதமாக மிதித்தால், பத்து முதல் பதினான்கு நாளில் உடம்பு பழகிவிடும்: முதல் வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். இடையில் விட்டுவிட்டால் ஒரு மாதத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். வாரம் முழுவதும் குளிர்சாதன அறையில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயிலுக்கு வருகிறவரை, அவர் எவ்வளவு வலுவானவராக இருந்தாலும், பழகாதவராகவே கணக்கில் வையுங்கள். அந்த வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவர் வீட்டில் இருக்கட்டும்.

எந்த அளவுக்கு மேல் இரத்துசெய்வது என்று கேட்டால், ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்ற அளவைப் பயன்படுத்தச் சொல்வேன். 1950-களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வெயிலில் வீரர்கள் விழுவதைத் தடுக்க வகுத்தது அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவு 20 சதவீதம், நிழலில் உள்ள சாதாரண வெப்பமானியின் அளவு 10 சதவீதம் என்று மூன்றையும் கூட்ட வேண்டும். ஈரத்துக்கு எவ்வளவு பங்கு தந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2024-இல் தொழில்முறைப் போட்டிகளுக்கு வகுத்த வெப்ப நெறிமுறையில் 28 டிகிரிக்கு மேல் சிவப்பு மண்டலம். தேர்ந்த வீரர்களுக்கே அப்படியென்றால், வார இறுதியில் மிதிக்கும் நாம் அந்த எண்ணை எட்டியதும் பயணத்தை முடித்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நான் அந்தப் பயணத்தில் வரலாமா? உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. (மயங்கியவர், இரண்டாவது கடிதம்)

பதில்: அடுத்த மாதம் வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு குறைந்தது ஏழு நாள் எந்த உடற்பயிற்சியும் கூடாது. அதன்பின் கல்லீரல், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருப்பதாக மருத்துவர் சொன்னால், குளிர்ந்த வேளையில் அரை மணி நேரம் என்று தொடங்கி, சில வாரங்களில் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டிய பிறகே வெயிலுக்குப் போக வேண்டும். அங்கேயும் முதலிலிருந்து இரண்டு வாரம் பழக வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் அந்தத் தேதியைத் தாண்டிவிடுகிறது. அன்றைக்கு உதவி வண்டியில் ஓர் ஆள் தேவைப்படும். தார்ப்பாய் இருக்கும் இடம் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது.